படத்தில் வருவதுபோல் இல்லையே, அம்மாவுக்கு இது மனச்சோர்வுதானா?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 24 வயது முன்பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 49 வயது. கொழுந்து எடுக்கிறார். ஐந்தாறு மாதமாகத் தலைப்பாரம், நெஞ்செரிச்சல், உடம்பு உளைச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தோட்ட டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிப் போட்டும் கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அடுப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறார், விளக்குக்கூடப் போடுவதில்லை. பெரியாஸ்பத்திரியில் இரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லி, மனநலக் கிளினிக்குக்குத் துண்டு கொடுத்தார்கள். அங்கே மனச்சோர்வு என்று இரண்டு கிழமைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஐந்து நாள் போட்டார். வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிட்டார்.

மகள் எழுதுகிறார்: "டொக்டர், இந்த வருத்தத்தைப் பற்றி வந்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் அம்மாவைப் போல ஒரு ஆள் இல்லை. அம்மா அழுவதில்லை. ஒருநாள் விடாமல் வேலைக்குப் போகிறார். பக்கத்து வீட்டு மாமி வந்தால் சிரித்துப் பேசுகிறார். அப்படியென்றால் கிளினிக்கில் சொன்னது பிழையா?" மாத்திரை போட்டால் படத்தில் வருவதுபோல் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாரா, கரண்ட் ஷொக் வைப்பார்களா, அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களா என்றும் கேட்கிறார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி, நல்ல காமெடிப் படமாகப் போட்டுக் காட்டு, சரியாகிவிடும் என்கிறார். மாமி குறி சொல்லும் கோடாங்கியைப் பார்க்கச் சொல்கிறார்.

கடைசிப் பக்கத்தில், பெயருக்குச் சற்று மேலே, இன்னொரு செய்தி. எடுத்த கொழுந்தின் கிலோ குறைந்துவிட்டது என்று கங்காணி ஏசியிருக்கிறார். அன்று இரவு அம்மா, "நா இல்லாட்டி ஒங்களுக்கெல்லாம் பாரம் கொறையும்" என்றாராம்.

முதலில் அந்தக் கடைசி வரி

மகள், நீங்கள் சினிமாவைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் என் பேனா நின்ற இடம் அந்தக் கடைசி வரி. சலிப்பில் சொன்ன பேச்சு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மனச்சோர்வு என்று ஏற்கனவே சொல்லப்பட்ட ஒருவர், அதுவும் மருந்தை நிறுத்தியவர், "நான் பாரம்" என்று சொன்னால் அதைச் சலிப்பு என்று விட்டுவிட முடியாது.

அம்மாவோடு தனியாக இருக்கும் நேரம் பார்த்து நேராகவே கேளுங்கள். "அம்மா, செத்துப் போயிரலாமுன்னு நெனப்பு வருதா?" என்று கேட்கலாம். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. இத்தனை நாள் ஒருவரும் கேட்கவில்லையே என்று இருந்தவருக்கு வாய் திறக்க அது வழிதான். "ஆமாம்" என்றால் ஏசவும் வேண்டாம், சத்தியம் வாங்கவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கம். 1333 என்ற இலவச இலக்கமும் இருக்கிறது. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

வீட்டில் மரக்கறிக்கு அடிக்கும் மருந்து இருந்தால் இன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை வீதமுள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிக நச்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த வேகமான நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் தப்பிவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமே இல்லை. பொலிஸ் கேஸ் வரும் என்று பயந்து எதையும் மறைக்க வேண்டாம்.

படத்துக்கு வேண்டியது வேறு

சரி, இப்போது உங்கள் கேள்வி.

பார்த்தவுடன் புரிகிற ஒரு முகம் சினிமாவுக்கு வேண்டும். 1953இல் வந்த தேவதாஸ் தொடங்கி நம் படங்களில் மனம் உடைந்தவன் என்றால் பெரும்பாலும் ஒரே அச்சு: இளைஞன், காதல் தோல்வி, தாடி, போத்தல், இருமல், ஒரு சோகப் பாட்டு. பெண்ணுக்கு இந்தப் பாத்திரம் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. 49 வயதில் கூடை மாட்டிக்கொண்டு மலை ஏறும் பெண்ணுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அவள் வந்தால் யாருக்காவது தாயாக வந்து, இரண்டு காட்சி அழுதுவிட்டுப் போவாள்.

காதல் தோல்வியில் வரும் துக்கம் துக்கம்தான், நோய் அல்ல. சிலருக்கு அது நோயாக முற்றலாம். ஆனால் காரணம் ஒன்று இருந்தால்தான் மனச்சோர்வு வரும் என்பது திரைக்கதைக்கு வேண்டிய சட்டம், உடம்புக்கு அப்படிச் சட்டம் இல்லை. நீங்களும் "அம்மாவுக்கு அப்படி என்ன கவலை" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். பரம்பரை, ஹோர்மோன், பல வருடக் களைப்பு, கடன், தனிமை எல்லாம் சேர்ந்தும் வரும். ஒன்றும் அகப்படாமலும் வரும்.

படம் எடுப்பவர்களை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். இந்த நோயில் பெரும்பகுதி ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். குளிக்கப் போகாமல் இருப்பது, தலை வாராமல் இருப்பது, கேட்ட கேள்விக்கு அரை நிமிடம் கழித்துப் பதில் சொல்வது. இதை இரண்டரை மணிநேரம் காட்டினால் யார் டிக்கட் வாங்குவார்கள்?

அதையும் காட்டிய படங்கள் உண்டு. 2011இல் வந்த மெலன்கோலியா என்ற படத்தின் இயக்குநர் லார்ஸ் வொன் ட்ரியர் தானே மனச்சோர்வை அனுபவித்தவர். அதில் அக்கா தங்கையைக் குளிக்க வைக்கப் பார்ப்பாள். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்கத் தங்கையால் முடியாது. அவளுக்குப் பிடித்த சாப்பாட்டைச் செய்து கொடுத்தால் சாம்பல் மாதிரி இருக்கிறது என்பாள். கிளினிக்கில் அம்மாமார் சொல்வதும் இதேதான். அதே படத்தில் ஒரு கோள் வந்து பூமியில் மோதுகிறது, அதை விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்து மொழியான மலையாளத்தில் 2019இல் வந்த கும்பளங்கி நைட்ஸ் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். வீட்டுக்கு மூத்தவனான ஒருவன், தன்னால் முடியவில்லை, டொக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று தானே கேட்கிறான். அங்கே போய்க் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். ஒரு ஆண் உதவி கேட்பதை இவ்வளவு சாதாரணமாகக் காட்டியது பெரிய காரியம். ஆனால் ஒரு காட்சியில் அழுது தீர்த்தால் ஆறிவிடும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஜத்தில் அந்த அழுகைக்குப் பிறகுதான் வைத்தியமே தொடங்குகிறது, அது மாதக் கணக்கில் போகும்.

நீங்கள் குறிப்பிட்ட 3 என்ற படம் (2012) வேறு கதை. அதன் நாயகனுக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. மனம் ஒருகாலம் அளவுக்கு மிஞ்சி எழும், ஒருகாலம் விழும். அம்மாவுக்குச் சொல்லப்பட்டது அது அல்ல. அந்தப் படத்தில் நோயை மனைவிக்கு மறைக்கிறார்கள், ஆள் மூர்க்கமாகிறான், கடைசியில் உயிரை விடுகிறான். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் வந்தால் முடிவு இதுதான் என்று பதிந்துவிடுகிறது. இருமுனைக் கோளாறோடு பல வருடமாக வேலை பார்த்துக் குடும்பம் நடத்துபவர்கள் ஏராளம். மனச்சோர்வு உள்ளவர்களும் பொதுவாக அடுத்தவரை அடிப்பதில்லை, ஆபத்து என்றால் பெரும்பாலும் தங்களுக்குத்தான். தற்கொலையை விளக்கமாகக் காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் படம் எடுப்பவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இப்போதைக்கு இந்த மாதிரிப் படங்களை அம்மா இருக்கும்போது போட வேண்டாம்.

அம்மாவிடம் எதைப் பார்ப்பது

கிளினிக்கில் இதை முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இரண்டு கிழமையாவது, அநேகமாக ஒவ்வொரு நாளும், என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறோம். மனம் தாழ்ந்திருப்பது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, பலம், யோசிக்கும் வேகம், உடம்பு அசையும் வேகம், தன்னைப் பற்றிய மதிப்பு, சாவு பற்றிய நினைப்பு ஆகியவற்றைப் பார்க்கிறோம். மொத்தம் ஒன்பதில் ஐந்து சேர்ந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால் மனச்சோர்வு நோய் என்கிறோம். அழுகை தனியாக ஒரு நிபந்தனையே அல்ல. பலருக்குக் கண்ணீர் வற்றிப்போய்விடும்.

உங்கள் கடிதத்தையே திருப்பி வாசித்துப் பாருங்கள். மூன்று மணிக்கு விழிப்பு. காலையில் மோசம், பின்னேரத்தில் கொஞ்சம் தேவலை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தபோது விரித்துக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பு உடுப்பு தளர்ந்துவிட்டது. நான் பாரம் என்கிறார். எல்லாம் நீங்களே எழுதியவை. படத்தில் உள்ளதைத் தேடிக்கொண்டிருந்ததால் வீட்டில் உள்ளது கண்ணில் படவில்லை.

வேலைக்குப் போகிறாரே என்கிறீர்கள். போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை, அவ்வளவுதான். முப்பது வருடம் பழகிய கை, மனம் எங்கேயோ இருந்தாலும் கொழுந்தைக் கிள்ளும். ஆனால் கிலோ குறைந்திருக்கிறது. நீங்கள் கவனிக்காததைத் தராசு கவனித்திருக்கிறது! கங்காணிக்கு அது சோம்பலாகத் தெரிந்தது. எனக்கு அது நோயின் அறிகுறி. மாமியிடம் சிரிப்பதும் அப்படித்தான். வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசுவது நம் வீடுகளில் விடாத பழக்கம். மாமி போனதும் அம்மா எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

தலைப்பாரத்தையும் நெஞ்செரிச்சலையும் அவர் கற்பனை செய்யவில்லை. மனச்சோர்வு உடம்பு வலியாகவே வெளிப்படுவது மிகச் சாதாரணம். அதேநேரம் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: எடுத்த இரத்தத்தில் தைரொயிட்டும் பார்த்தார்களா? இரத்தசோகை உண்டா? தைரொயிட் குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதையும் வைத்தியரிடம் நினைவுபடுத்துங்கள்.

மாத்திரை, ஷொக், அங்கொடை

மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு கிழமை ஆகும். முழுதாகத் தீர்மானிக்க ஆறு கிழமை வேண்டும். வயிற்றுப் பிரட்டலோ முதல் நாளிலேயே வந்துவிடும், பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கிவிடும். அதனால் ஐந்து நாளில் நிறுத்தியவருக்குக் கெடுதி மட்டும் தெரிந்தது, நன்மை வர நேரமே இருக்கவில்லை. இது மிக மிகச் சகஜம். அம்மாவை ஏச வேண்டாம். திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். சாப்பிட்ட பின் எடுக்கலாமா, குறைந்த அளவில் தொடங்கலாமா, வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். இந்த மருந்துகள் போதை போலப் பழக்கமாவதில்லை. ஆனாலும் சில மாதம் எடுத்த பிறகு திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம் வரும், ஆகவே குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம். அதற்குமுன் விட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

வெறித்த பார்வை என்பது படத்தில் எல்லா மனநல மருந்துக்கும் ஒட்டிய முத்திரை. மனச்சோர்வுக்கு இப்போது வழக்கமாகக் கொடுப்பவை அப்படிச் செய்வதில்லை. சிலருக்கு மட்டும் உணர்ச்சி மங்கியதுபோல் இருக்கும், சொன்னால் மாற்றலாம். ஒரு எச்சரிக்கை: முதல் சில கிழமைகளில் மனம் தேறுமுன் உடம்புக்குப் பலம் வந்துவிடலாம். அந்த நாட்களில் அம்மாவைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஷொக் பற்றிய பயத்துக்கு 1975இல் வந்த வன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட் போன்ற படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் மயக்கமருந்து இல்லாமல், தண்டனையாக வைப்பார்கள். இன்று மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, நோயாளி உறக்கத்தில் இருக்கும்போது செய்கிறோம். சில நாள் ஞாபகம் தடுமாறலாம். சாப்பாடு தண்ணீர்கூட எடுக்காத கடும் மனச்சோர்வில் அது உயிர் காக்கும் வைத்தியம். உங்கள் அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவே இல்லை.

அங்கொடை என்றால் நம் பேச்சில் ஏச்சு, தமிழ்நாட்டுப் படத்தில் கீழ்ப்பாக்கம் என்றால் சிரிப்பு. இரண்டும் ஆஸ்பத்திரிகள். மனச்சோர்வுக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டி, மருந்து வாங்கி, அன்றைக்கே வீட்டுக்கு பஸ் ஏறுகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சில நாள் வார்டில் வைப்பார்கள்.

பேசி ஆற்றும் வைத்தியம் மட்டும் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். லேசான மனச்சோர்வுக்குப் போதும். அம்மாவின் நிலைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், கட்டணம் இல்லை. படத்தில் வருவதுபோல் கடற்கரையில் நடந்துகொண்டே தத்துவம் பேச மாட்டார்கள். அநேகமாக நாளைக்குக் காலையில் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

தம்பியும் மாமியும்

தம்பியின் மனம் நல்லது. ஆனால் ரசிக்கும் சக்தியே கெட்டுப்போன நேரத்தில் காமெடி காட்டுவது, நாக்கு மரத்தவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுப்பது போல. எல்லோரும் சிரிக்கும்போது தனக்கு மட்டும் வரவில்லையே என்று அம்மா இன்னும் உள்ளே போய்விடுவார். அதற்குப் பதில் சின்னச் சின்ன வேலை: வெயில் வந்ததும் முகம் கழுவி வாசலில் உட்காருவது, உங்களோடு கோயில் வரை நடப்பது. செய்தால் போதும், சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கோடாங்கி விஷயத்தில் மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். அம்மாவே விரும்பினால் போய்வரலாம். ஆனால் கடன் வாங்கக் கூடாது, பட்டினி போடவோ அடிக்கவோ விடக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கிளினிக்கில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: நோயின் பெயர் என்ன, மருந்தின் பெயர் என்ன, எத்தனை நாளைக்கு. தமிழும் அரசகரும மொழி, தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் சாவு நினைப்பைப் பற்றி அம்மா உங்கள் முன் வாய் திறக்க மாட்டார். அதனால் கொஞ்ச நேரமாவது அவர் தனியாகப் பேச இடம் கொடுங்கள். அங்கே பேசியது தோட்டத்து ஒப்பிசுக்குப் போகாது.

அம்மா வர மறுத்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போங்கள். மாத்திரை நின்ற நாளையும், எடை குறைந்ததையும், அந்தக் கடைசி வரியை அவர் சொன்னபடியே வார்த்தை மாற்றாமலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போய் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள், தம்பியையும் லீவு போட்டு வரச் சொல்லுங்கள்.